மூன்றில் ஒரு பங்கு

பூந்தமல்லி நீதிமன்றம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ராஜீவ் காந்தி கொலை வழக்குதான் ஞாபகத்துக்கு வரும். 1998 ஜனவரி 28 அன்று குற்றவாளிக் கூண்டில் நின்ற 26 பேருக்கும் தூக்கு என்று தடா நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது இங்கேதான். அந்த வழக்குக்கும் என்னைப் போன்ற சிவில் வக்கீல்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்கள் பிழைப்பெல்லாம் ஆவடி, அம்பத்தூர், திருமுல்லைவாயல், பட்டாபிராம் பக்கத்து ஒரு கிரவுண்டு, ஒன்றரை கிரவுண்டு வீடுகளை நம்பி. அண்ணன் வாதி, தம்பி பிரதிவாதி. அல்லது தங்கை வாதி, அண்ணன்மார் இருவரும் பிரதிவாதிகள்.

இந்தப் பக்கத்தில் பாகப்பிரிவினை வழக்குகள் குவிந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது; 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து உருண்டு வெளியே வந்தது. அதே அறுபதுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் எழுந்தது. டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப், பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். என்று வரிசையாகக் கம்பெனிகள். வேலைக்கு ஆள் எல்லா மாவட்டத்திலிருந்தும் வந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களில் கிறிஸ்தவர்கள் நிறைய. குவார்ட்டர்ஸில் சில காலம் இருந்தார்கள், லே-அவுட் போட்டவனிடம் தவணையில் மனை வாங்கினார்கள், பி.எஃப். அட்வான்ஸ் வந்தபோது ஓர் அறை, பெண்ணுக்குக் கல்யாணம் என்றபோது இன்னோர் அறை என்று வீட்டைக் கட்டிக்கொண்டே போனார்கள். உயில் எழுதவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் கண்ணை மூடியபோது நிலத்தின் விலை வானத்தில் இருந்தது.

2011-இல் என்னிடம் வந்த வழக்கு அப்படிப்பட்ட ஒரு வீட்டைப் பற்றியது. பெயர்களைச் சொல்லப்போவதில்லை, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். அப்பா நாசரேத் பக்கத்துக்காரர், தொழிற்சாலையில் டர்னர். பட்டாபிராமில் ஒன்றரை கிரவுண்டில் வீடு. 2003-இல் அவரும் 2010-இல் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளைகள் மூன்று பேர். பெரியவர் அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தார். சின்னவர் ஷார்ஜாவில், அங்கிருந்து அனுப்பிய பணத்தில் மாடியைக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார், வாடகையை அண்ணன் வசூலித்தார். நடுவில் பிறந்த தங்கைதான் என் கட்சிக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதித் துணி நிறுவனத்தில் சூப்பர்வைசர். கணவருக்கு லேத் பட்டறை. குடியிருந்தது அம்பத்தூர் ஓ.டி. பக்கத்தில் வாடகை வீடு.

பத்திரத்தைக் காட்டுங்கள் என்று கேட்டேன். பையிலிருந்து அவர் எடுத்து மேஜைமேல் வைத்தது ஓர் அட்டை. கறுப்புக் கரை போட்ட, அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை அழைப்பு. மேலே சிலுவை, நடுவில் அம்மாவின் வட்டப் படம், கீழே ‘இங்ஙனம்’ என்று போட்டு மகன்கள் பெயர், மருமகள்கள் பெயர், பேரப்பிள்ளைகள் பெயர். மகள் பெயர் இல்லை. மருமகன் பெயரும் இல்லை. அம்மா கடைசி நான்கு வருடம் படுத்துக் கிடந்தது இந்த மகள் வீட்டு ஹாலில்.

“இதுக்குக் கேஸ் போட முடியாதும்மா” என்றேன்.

“தெரியும் சார். எதுக்குப் போட முடியுமோ அதுக்குப் போடுங்க” என்றார்.

சட்டத்தைப் பொறுத்தவரை அவர் பக்கம் வழுக்குப் பாறை எதுவும் கிடையாது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன்படி உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண் பெண் பேதம் கிடையாது. அம்மாவும் உயில் எழுதாமல் போனதால் அவர் பங்கும் மூவருக்கும் சமமாக வந்துசேரும். ஆக ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. இந்துப் பெண்கள் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு இணையான உரிமைக்காக 1989 வரைக்கும் 2005 வரைக்கும் காத்திருந்த இந்த மாநிலத்தில், கிறிஸ்தவ மகளுக்குச் சமபங்கு அதற்கு வெகுமுன்பே ஏட்டில் ஏறிவிட்டது. ஏட்டில் இருப்பதை யார் படிக்கிறார்கள்? பெரியவர் மனைவி மார்த்தாண்டம் பக்கம். அங்கே அவருடைய பாட்டி காலத்தில் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. 1916-இல் வந்தது. மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. மேரி ராய் வழக்குப் போட்டு, 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951-லேயே செத்துவிட்டது என்று சொல்லும்வரை அதன் ஆவி உலவிக்கொண்டிருந்தது. பட்டாபிராம் மனைக்கு அந்தச் சட்டம் எந்தக் காலத்திலும் பொருந்தாது. ஆனாலும் ‘பொம்பளைப் பிள்ளைக்குச் சீதனத்தோட தீர்ந்தது’ என்ற நினைப்புக்கு மாவட்ட எல்லை ஏது?

எதிர்த்தரப்பும் அதைத்தான் எழுதியது. கல்யாணத்தின்போது நகையும் ரொக்கமும் கொடுத்தாகிவிட்டது, அதுவே அவர் பங்கு என்று. அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 49-வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது: உயிரோடு இருக்கும்போது பிள்ளைக்குக் கொடுத்ததை, இறந்தபின் பங்கு போடும்போது கழிக்கக்கூடாது. எதிர்த்தரப்பு வக்கீல் என் நண்பர், நல்ல படிப்பாளி. நீதிமன்ற வாசலில் டீ குடிக்கும்போது “49 தெரியாமலா எழுதினே?” என்று கேட்டேன். “கட்சிக்காரன் எழுதச் சொல்றான். எழுதலைன்னா வேற வக்கீலைப் பார்ப்பான்” என்றார். நியாயமான பதில்.

பாகப்பிரிவினைப் பிராதில் ஒரு வேடிக்கை உண்டு. வாதி சொத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர் என்றால் பங்கின் சந்தை மதிப்புக்குக் கோர்ட் ஃபீஸ் கட்டவேண்டும். கூட்டு அனுபவத்தில் இருக்கிறார் என்றால் நிலையான ஒரு சிறு தொகை போதும். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37-வது பிரிவு. ஒரு பங்குதாரர் கையில் இருந்தால் எல்லோர் கையிலும் இருப்பதாகத்தான் சட்டம் பார்க்கும் என்பதால் இது பொய்யும் ஆகாது. அதனால் அம்மாவின் காரியத்துக்குப் பிறகு வாசற்படி மிதிக்காத ஒரு பெண், அண்ணன் குடும்பத்தோடு அந்த வீட்டைக் கூட்டாக அனுபவித்து வருவதாக நானே டைப் அடித்துக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்து, “இது உண்மையா இருந்தா நான் ஏன் சார் இங்கே வர்றேன்?” என்றார்.

வழக்கு எண் விழுந்து, சம்மன் போய்ச் சேர்ந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபை விழித்துக்கொண்டது.

அது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு சபை. எது என்பது வேண்டாம். பெரியவர் அங்கே கமிட்டியில் முக்கியமான ஆள். தங்கை அம்பத்தூரில் வேறு ஆலயத்துக்குப் போனாலும் கிறிஸ்துமஸ், அறுப்பின் பண்டிகை என்றால் வளர்ந்த சபைக்கு வந்துவிடுவார். பேசவேண்டும் வா என்று கூப்பிட்டு, ஆராதனை முடிந்து ஆலயத்து வெஸ்ட்ரி அறையில் உட்காரவைத்தார்கள். கமிட்டி முழுவதும் சுற்றி. மேஜைமேல் ஒரு விடுதலைப் பத்திரம், முத்திரைத்தாளில் டைப் அடித்துத் தயாராக. கமிட்டியில் வயதில் மூத்த ஒருவர் ஜெபம் பண்ணினார். பிறகு பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தைத் திறந்தார்கள். சகோதரன்மேல் சகோதரன் அவிசுவாசிகளின் நீதிமன்றத்துக்குப் போவது வெட்கக்கேடு, அதைவிட அநியாயத்தைச் சகித்துக்கொள்ளலாமே என்று பவுல் கடிந்துகொள்ளும் இடம். மன்னித்துவிடு, கையெழுத்துப் போட்டுவிடு, சபைப் பெயரைக் காப்பாற்று.

பவுல் சொன்னது இரண்டு பேருக்கும்தான். அநியாயம் செய்கிறவர்களையும் சேர்த்தே அங்கே அவர் திட்டியிருக்கிறார். ஆனால் நான் பார்த்தவரை அந்த அதிகாரம் பறிகொடுத்தவரிடம் மட்டும்தான் வாசிக்கப்படுகிறது. எடுத்துக்கொண்டவரிடம் யாரும் அதைத் திறந்து காட்டுவதில்லை. அதே பவுல், தனக்கு அநியாயத் தீர்ப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் ராயனுக்கு அப்பீல் போனவர் என்பதும் அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. நான் கிறிஸ்தவன் இல்லை. மிஷன் பள்ளியில் படித்ததால் ஸ்கிரிப்சர் வகுப்பில் காதில் விழுந்தது கொஞ்சம், மற்றது கட்சிக்காரர்கள் புண்ணியத்தில் படித்தது. இன்னொன்றும் சொல்லவேண்டும். தென்னிந்தியத் திருச்சபையின் தேர்தல் தகராறுகளே சென்னை உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஏறி இறங்கியதைப் பேப்பர் படிக்கிற எல்லோரும் அறிவார்கள். அம்பத்தூர் எஸ்டேட் சூப்பர்வைசருக்கு மட்டும் கொரிந்தியர் ஆறு.

அந்த அம்மாள் சும்மா இல்லை. செலொப்பியாத்தின் குமாரத்திகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். எண்ணாகமம் 27-ஆம் அதிகாரம். ஐந்து பெண்கள் மோசேக்கு முன்னால் வந்து நின்று, எங்கள் தகப்பன் பங்கை எங்களுக்குக் கொடு என்று கேட்க, அவர்கள் கேட்டது சரிதான் என்று கடவுளே தீர்ப்புச் சொல்கிறார். கமிட்டியில் ஒருவர் விடவில்லை: “அவங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாதும்மா.” அது உண்மை. வக்கீலாக நானும் அந்தத் தீர்ப்பை முன்னுதாரணமாகக் காட்டத் தயங்குவேன். கையெழுத்துப் போடாமல் அந்த அம்மாள் எழுந்து வந்துவிட்டார்.

இதற்குள் சபைக்குள் இரண்டு கட்சி. அவர்களுடைய திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. 1950-இல் வந்த தென்னிந்தியத் திருச்சபையின் ஆராதனை முறை, பழைய சிரியன் வழக்கத்திலிருந்து எடுத்துச் சேர்த்தது. குருவானவரிடம் தொடங்கி, இரண்டு கைகளுக்குள் அடுத்தவர் கையை வைத்து அழுத்தி, வரிசை வரிசையாகச் சபை முழுக்கப் போகும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காரும் சபை என்பதால் அண்ணன் தங்கை கை கொடுத்துக்கொள்ள வேண்டிய நெருக்கடி வரவில்லை. நாத்தனாருக்கும் மைனிக்கும் வந்தது. அந்த கிறிஸ்துமஸில் மைனி பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து நான்கு பெஞ்சு பின்னால் போய் உட்கார்ந்தாராம். “எல்லாரும் பாத்தாங்க சார்” என்று அந்த அம்மாள் சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கியது. வெஸ்ட்ரியில் நடந்ததைச் சொல்லும்போது இறங்கவில்லை.

பிறகுதான் அந்த ஐயர் வந்தார். தென்மாவட்டத்துச் சபையார் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். ஓய்வு பெற்று எழுபதைத் தாண்டியவர். இந்தப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் திடப்படுத்தல் கொடுத்த காலத்தில் அங்கே குருவாக இருந்தவர். இப்போது எந்தக் கமிட்டியிலும் இல்லை. அந்த அம்மாளோடு என் ஆபீசுக்கு வந்து பிராதைப் படிக்கக் கேட்டார். கட்சிக்காரர் சம்மதித்ததால் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்துச் சொத்து விவரம் வரை, கிழக்கு மேற்கு எல்லைகள் உட்பட, வாசித்தார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார்.

“முதல் பிரதிவாதி பேராசையின் காரணமாக, துர்எண்ணத்துடன்னு போட்டிருக்கே. இது பாப்பா சொன்னதா, நீங்க சேர்த்ததா?”

“பிராதில் அப்படித்தான் ஐயா எழுதறது. தொழில் நடை.”

“அவன் இதைப் படிச்சிருப்பானே” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

பாப்பாவைப் பார்த்து அவர் கேட்டது ஒரே கேள்வி. அந்த அட்டையைப் பற்றி அண்ணனிடம் நேரில் கேட்டாயா? இல்லை. பெரியவர் இவளிடம் பத்திரம் பற்றி நேரில் பேசினாரா? அதுவும் இல்லை. மைனி மூலமாகச் சொல்லியனுப்பினார். இவர் சின்னவருக்கு ஷார்ஜாவுக்குப் போன் போட்டு அழுதார். சின்னவர் கமிட்டி ஆள் ஒருவருக்குப் போன் போட்டார். நேரில் தவிர மற்ற எல்லா வழியிலும் பேச்சு நடந்திருந்தது.

மத்தேயு 18-இல் ஒரு வரிசை இருக்கிறது என்று ஐயர் எனக்காகச் சொன்னார். ஒருவன் உனக்குத் தப்புச் செய்தால் முதலில் நீயும் அவனும் மட்டும் தனியாக இருக்கும்போது அவனிடம் சொல்லவேண்டும். கேட்கவில்லையா, ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போ. அப்போதும் கேட்கவில்லையென்றால்தான் சபைக்குச் சொல்வது. “இவங்க கமிட்டி மூணாவது படியில ஏறி நின்னுகிட்டுத் தொடங்கியிருக்காங்க” என்றார். சிவில் நடைமுறைச் சட்டம் படித்தவனுக்கு இது சட்டென்று பிடித்துப்போகும். கீழ்க்கோர்ட்டைத் தாண்டி நேரே மேல்கோர்ட்டுக்குப் போனால் எங்களையும் திருப்பித்தான் அனுப்புவார்கள்.

அந்த வரிசையில் நான் மதிப்பது, முதல் படியின் தனிமை. நாலு பேர் பார்க்க ஒருவனிடம் குற்றம் சொன்னால் அவன் நாலு பேருக்குத்தான் பதில் சொல்வான். பார்க்க ஆளில்லாதபோதுதான் ‘ஆமாம்’ என்ற சொல் வாயில் வரும். முப்பது வருடம் குறுக்கு விசாரணை செய்த அனுபவத்தில் சொல்கிறேன், திறந்த நீதிமன்றத்தில் ஒருவரும் மனம்விட்டு ஆமாம் சொன்னதில்லை. பிடுங்கித்தான் எடுக்கவேண்டும்.

ஆனால் இந்த மருந்தை எல்லா வியாதிக்கும் எழுதிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது. புருஷன் அடிக்கிறான் என்று முகம் வீங்கி வருகிற பெண்ணிடம், முதலில் தனியாகப் போய்ப் பேசு, ஜெபி, பொறு என்று சொல்லித் திருப்பி அனுப்பிய போதகர்களைப் பார்த்திருக்கிறேன். கோவிலுக்கு நேர்ந்துகொள் என்று அனுப்பிய நம் பெரியவர்களும் அதே ரகம்தான். கிறிஸ்தவப் பெண்களுக்கு வெகுகாலம் சட்டத்தின் கதவும் பாதிதான் திறந்திருந்தது. 1869-ஆம் வருட விவாகரத்துச் சட்டத்தில், கணவனுக்கு மனைவியின் சோரம் ஒன்றே போதும். மனைவிக்கோ சோரத்தோடு கொடுமையையோ கைவிடலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 2001 திருத்தம் வரும்வரை இதுதான் நிலை. இருவரும் சம்மதித்துப் பிரியும் வழியும் அப்போதுதான் வந்தது. வேறு போக்கிடம் இல்லாததால் வெஸ்ட்ரியே கோர்ட் ஆனது. அடிபடும் வீட்டில் தனியாகப் பேசும் படி என்று ஒன்று கிடையாது. அங்கே முதல் படி 2005-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். இதை ஐயரிடமும் சொன்னேன். “அந்த அதிகாரம் சகோதரனைப் பத்தினது. அடிக்கிறவன் சகோதரன் ஸ்தானத்துல இல்லை” என்றார். அவருடைய வியாக்கியானம் சரியா என்று மற்ற குருமார்கள்தான் சொல்லவேண்டும். எனக்குப் போதுமானதாக இருந்தது.

அவர் பெரியவரைப் பார்த்து என்ன பேசினார் என்பது எனக்குத் தெரியாது. விதித்த நிபந்தனைகள் மட்டும் தெரியும். தனியாகப் போ. மனைவி வேண்டாம், கமிட்டி ஆள் வேண்டாம், பைக்குள் விடுதலைப் பத்திரம் வேண்டவே வேண்டாம். வழக்கு நடக்கும்போது கட்சிக்காரர்கள் நேரில் பேசுவதில் எங்களுக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. அவசரத்தில் ஒரு காகிதத்தில் எதையாவது எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எதிர்த்தரப்பு நண்பருக்குப் போன் போட்டேன். பேசட்டும், யாரும் எதிலும் கையெழுத்துப் போடவேண்டாம் என்று இரு பக்கமும் சொல்லி வைத்தோம்.

அம்பத்தூர் வீட்டில் நடந்ததை அந்த அம்மாள் மறுநாள் வந்து சொன்னார். ஒரு ஞாயிறு மதியம் அண்ணன் வந்து ஹாலில் உட்கார்ந்தார். அம்மாவின் கட்டில் கிடந்த இடம். தண்ணீர் கொடுத்துவிட்டு இவர் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. அட்டையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

“பிரஸ்காரன் விட்டுட்டான்” என்றார் அண்ணன்.

“புரூஃப் யாரு பாத்தா?”

பதில் இல்லை. வெகுநேரம் மின்விசிறி மட்டும் ஓடியிருக்கிறது. பிறகு அவர், “நான்தான் எடுக்கச் சொன்னேன். பங்கு கேட்கப்போறேன்னு தம்பிகிட்ட சொன்னியே, அந்தக் கோபம். பிரிண்ட் ஆகி வந்ததும் வயித்தைக் கலக்குச்சு. அப்புறம் எப்படி மாத்துறது?” என்றார்.

அதன்பிறகு இந்த அம்மாள் ஒரு மணி நேரம் திட்டித் தீர்த்திருக்கிறார். அம்மாவுக்கு ஒரு டயப்பர் வாங்கித் தந்தாயா, ராத்திரி ஒருநாள் வந்து படுத்தாயா என்று தேதி வாரியாக. அண்ணன் குறுக்கே பேசவில்லை. கிளம்பும்போது, “மூணுல ஒண்ணு உன்னுதுதான். அது எனக்கு எப்பவும் தெரியும். கொடுக்கப் பணம் இல்லை, அதை ஒத்துக்க வெட்கம். அதான் சீதனம் அது இதுன்னு எழுதச் சொன்னேன்” என்றாராம்.

நான் சொல்ல வந்தது இந்த இடம்தான். மத்தேயு 18-இல் மன்னிப்பைப் பற்றிய கதையும் இருக்கிறது. பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியனை ராஜா மன்னித்துவிட, அவனோ தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட உடன்வேலைக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான். பிரசங்கங்களில் எல்லோரும் ராஜாவின் தயவைப் பற்றியே பேசுகிறார்கள். ராஜா முதலில் செய்தது கணக்குப் பார்த்தது. எவ்வளவு பாக்கி என்று தொகை சொல்லப்பட்ட பிறகுதான் தள்ளுபடி வருகிறது. வெஸ்ட்ரியில் அந்த அம்மாளைக் கேட்டுக்கொண்டது யாருமே ஒத்துக்கொள்ளாத ஒரு கடனை மன்னிக்கும்படி. பாக்கியே இல்லை என்கிறவனுக்கு எதைத் தள்ளுபடி செய்வது? தென்னாப்பிரிக்காவில் 1996-இல் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் உண்மை ஆணையம் உட்கார்ந்தபோது பொதுமன்னிப்புக்கு வைத்த நிபந்தனையும் இதுதான்: செய்ததை முழுதாகச் சொல்லவேண்டும். சொல்லாதவனுக்கு மன்னிப்பு இல்லை. அந்த ஆணையத்தின் மேல் குறைகள் ஆயிரம் உண்டு. ஆனால் இந்த நிபந்தனையில் எந்தச் சிவில் வக்கீலும் குறை சொல்லமாட்டான்.

மற்றதெல்லாம் தொழில் வேலை. சிவில் நடைமுறைச் சட்டம் 89-வது பிரிவின்படி வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பக் கேட்டோம். 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் தொடங்கியது. நீதிமன்றத்தோடு இணைந்த மையமாக நாட்டிலேயே அதுதான் முதல். பின்னர் மாவட்டங்களுக்கும் அந்த ஏற்பாடு வந்தது. வழக்கை அப்படியே நடத்தியிருந்தால் முதனிலைத் தீர்ப்பாணை சுலபமாகக் கிடைத்திருக்கும். அதன்பிறகு இறுதித் தீர்ப்பாணைக்கு ஒரு மனு, வக்கீல் கமிஷனர், சர்வேயர், ஆட்சேபணை. இந்த இடைவெளியில் வழக்குகள் அழுகுவதைப் பற்றி உச்ச நீதிமன்றமே 2009-இல் நொந்துகொண்டது. முதனிலைத் தீர்ப்பாணை ஆனதும் நீதிமன்றமே தானாக அடுத்த கட்டத்துக்குப் போகவேண்டும் என்று 2022-இல் உத்தரவே போட்டது. அதோடு, ஒரே மாடிப்படி, ஒரே கிணறு உள்ள வீட்டை மூன்றாக எப்படி வெட்டுவது? முடியாது என்று கமிஷனர் எழுதினால் 1893-ஆம் வருடப் பாகப்பிரிவினைச் சட்டத்தில் ஏலம் வரை போகலாம். வழக்கில் ஜெயித்து அப்பா வீட்டை அந்நியன் கையில் கொடுத்த குடும்பங்கள் என் ஃபைல்களில் இருக்கின்றன.

மாடி சின்னவர் காசில் கட்டியது என்பதில் தகராறு இல்லாததால் அதை அவருக்கே ஒதுக்கினோம். மனைக்கும் கீழ்த்தளத்துக்கும் வழிகாட்டி மதிப்பையும் இரண்டு புரோக்கர்கள் சொன்ன விலையையும் வைத்து ஒரு தொகை பேசி, தங்கையின் பங்கைப் பெரியவர் வங்கிக் கடன் வாங்கித் தவணையில் கொடுப்பதாக முடிவானது. சின்னவர்தான் இழுத்தடித்தார். அண்ணன் ஏன் இறங்கிப் போனார் என்று ஷார்ஜாவிலிருந்து கோபம். அவருடைய பவர் பத்திரம் தூதரக முத்திரையோடு வந்து, இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டி முடிக்கும்வரை எங்களுக்கு மூச்சு முட்டியது.

மாடி வாடகையைத் தவிர்த்து, கீழே முன்புறம் ஒரு கடை அறையும் வாடகைக்குப் போயிருந்தது. அப்பா இறந்ததிலிருந்து அதில் வந்த வாடகையில் பங்கு கேட்டுப் பிராதில் ஒரு பரிகாரம் சேர்த்திருந்தேன். உருப்படியான தொகை. சமரச மனுவின் வரைவைப் படித்த அந்த அம்மாள், “இது வேண்டாம் சார், எடுத்துடுங்க” என்றார். பங்குத் தொகையில் ஒரு ரூபாய் குறைக்கச் சொன்னபோது முடியவே முடியாது என்று நின்றவர் அவர். “பங்கு அப்பாவோடது. இது அண்ணன் தின்னுட்டது. தின்னதைத் திருப்பிக் கேட்டு என்ன செய்ய?” என்றார். எடுத்துவிட்டேன்.

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 23-வது கட்டளை, மூன்றாம் விதியில் மனு தாக்கல் ஆனது. நீதிபதி இரு தரப்பையும் கூண்டருகே கூப்பிட்டு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சம்மதிக்கிறீர்களா என்று கேட்டார். தங்கை சம்மதம் என்றார். அண்ணனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டதால் நீதிபதி இரண்டாவது முறை கேட்கவேண்டி வந்தது. மைனி கோர்ட்டுக்கு வரவில்லை. அடுத்த அறுப்பின் பண்டிகையிலும் அவர் பெஞ்சு மாறித்தான் உட்கார்ந்தார் என்று கேள்வி. எல்லாம் ஒரே நாளில் சரியாகும் என்று மத்தேயுவும் சொல்லவில்லை.

முதல் தவணைகள் ஒழுங்காக வந்தன. கடைசித் தவணை தேதி தாண்டி இரண்டு மாதம் ஆனபோது அந்த அம்மாள் போன் செய்தார். தீர்ப்பாணையை நிறைவேற்றக் கோரும் மனு போட எவ்வளவு நாள் அவகாசம் இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது. அவசரப்படாதீங்க, முதலில் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசுங்க என்று ஆரம்பித்தேன்.

“போன வாரமே வீட்டுக்குப் போய் நேர்ல கேட்டுட்டேன் சார். மகனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டிட்டான், அடுத்த மாசம் தர்றேன்னான். சரின்னு சாப்பிட்டுட்டு வந்தேன். உங்ககிட்ட கேட்கிறது, தரலைன்னா எத்தனை வருஷம் டைம்னு தெரிஞ்சு வெச்சுக்கத்தான்.”

“பன்னிரண்டு வருஷம்” என்றேன்.

“அது போதும்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.